கரிசக்காட்டுக் கதவுகளும் திண்டுக்கல் பூட்டும்

கோவில்பட்டின்னு சொன்னதும் கடலைமிட்டாய் ஞாபகம் வரும். அடுத்தது தீப்பெட்டி. பூட்டுன்னு சொன்னா திண்டுக்கல்தான். நடுவுல மதுரை மட்டும் இல்லேன்னா ரெண்டையும் ஒரே சீமைன்னு சொல்லிரலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-லயும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லயும் புவிசார் குறியீடு கிடைச்சது. மிட்டாய் இன்னிக்கும் பஸ் ஸ்டாண்டுல இருந்து வெளிநாடு வரைக்கும் போயிக்கிட்டு இருக்கு. பூட்டு செய்யிற பட்டறைகதான் ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டு வருது.

வீடு கட்டுறவுகளும் புதுசா கடை போடுறவுகளும் கேக்குற கேள்வி ஒண்ணுதான். "எந்தப் பூட்டு வாங்கலாம்?" கேட்டா பெரும்பாலும் ஒரு கம்பெனி பேரைத்தான் சொல்லுவாங்க. ஆனா நம்ம பக்கத்துக் கதவுகளுக்குப் பூட்டு எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு தெரிஞ்சா, எதை வாங்கணும்ங்கிறது தானா விளங்கும். அதான் இந்தக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

தாழ்ப்பாள் வேற, பூட்டு வேற

தாழ்ப்பாள் உள்ளேருந்து போடுறது. வீட்டுக்குள்ள ஆள் இருந்தாத்தான் அதுக்கு வேலை. பூட்டு வெளியேருந்து போடுறது. வீட்டுல ஆள் இல்லேன்னாத்தான் அதுக்கு வேலை. வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்துல அன்பைப் பத்திப் பேசும்போது எடுத்துக்கிட்டது தாழைத்தான்.

பழைய கரிசல் கிராமத்துல வீடு காலியா கிடக்குற நேரம் ரொம்பக் குறைவு. காட்டுக்குப் போனாலும் ஒரு கெழவியோ கைப்பிள்ளைக்காரியோ திண்ணையில இருப்பாக. அப்படியே வீடு காலியானாலும், களவாட வர்றவன் கதவுப் பக்கம் வரணும்னு அவசியமே கிடையாது. மண்சுவருதானே! கன்னக்கோல் வச்சு ராத்திரியோட ராத்திரியா ஒரு ஆள் நுழையிற அளவுக்குச் சுவத்தைக் குடைஞ்சிருவான். "கன்னம் வைக்கிறது"ன்னு அதுக்குப் பேரு. 1860-ல எழுதுன இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. 445-வது பிரிவுல வீட்டை உடைச்சு நுழையிறதுன்னா என்னன்னு விளக்கம் இருக்கும். அதுல கொடுத்திருக்கிற முதல் உதாரணமே, ஒருத்தன் சுவத்துல ஓட்டை போட்டு உள்ள கையை விடுறதுதான். பூட்டைத் திறந்து நுழையிறது, தொலைஞ்சுபோன சாவியக் கண்டெடுத்துத் திறக்குறது எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வருது. (இந்தச் சட்டம் 2024 ஜூலையில மாத்தப்பட்டு, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாதான் நடப்புல இருக்கு.)

சுவரே பலவீனமா இருக்கிறப்ப கதவுல எட்டு லீவர் பூட்டைத் தொங்கவிட்டு என்ன செய்ய? சுவரு கல்லும் செங்கலுமா மாறுன பெறகுதான் வீட்டுலயே பலம் குறைஞ்ச இடம்ங்கிற பட்டம் கதவுக்கு வந்துச்சு. பூட்டுக்கு மரியாதை வந்ததும் அப்பத்தான்.

பூட்டுக்கு முந்தி ஆள்

அப்ப ஊரை யாரு பாத்துக்கிட்டது? காவல்காரங்க. பாளையக்காரர் காலத்துல திருநெல்வேலிச் சீமையில ரெண்டு வகையான காவல் இருந்துச்சு. ஒரு ஊருக்குள்ள மட்டும் பாத்துக்கிடுறது தலங்காவல். ஒரு வட்டாரம் முழுக்க, பாதைகளையும் சேத்துப் பாத்துக்கிடுறது தேசகாவல். அறுவடையில ஒரு பங்கு தானியம் காவல்காரனுக்குப் போயிரும். களவு போச்சுன்னா கண்டுபிடிச்சுக் கொடுக்கணும், இல்லேன்னா ஈடு கட்டணும். அதுதான் ஒப்பந்தம். இன்னிக்கு நாம சொல்ற காப்பீடும் செக்யூரிட்டியும் ஒரே ஆளுகிட்ட இருந்த மாதிரி.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. காவல்கூலி கொடுக்காத ஊர்ல களவு நடக்கும். மாடு காணாமப் போகும். துப்புக்கூலி கொடுத்தா மாடு எங்க நிக்குதுன்னு சேதி வரும். காக்கிறவன் யாரு, எடுக்கிறவன் யாருன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாத ஏற்பாடு அது. அதுல பொற்காலமும் இல்ல, முழு அநியாயமும் இல்ல.

இந்த ஏற்பாட்டை உடைச்சது கும்பெனி. 1799 அக்டோபர் 16-ம் தேதி கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801-ல ரெண்டாவது பாளையக்காரர் போரும் முடிஞ்சுது. கோட்டைகளை இடிச்சாங்க, ஆயுதங்களைப் பறிச்சாங்க, காவல் வரியையும் தங்க கைக்கு மாத்திக்கிட்டாங்க. ஆனா காவல் ஒரே நாள்ல அழியலை. ஊரு மட்டத்துல நூறு வருஷம் நீடிச்சது. 1896 வாக்குல திண்டுக்கல், மதுரைப் பக்கத்துச் சம்சாரிக பண்டு சேத்து, இனிமே காவல்கூலி கொடுக்க மாட்டோம்னு கிளம்பி பெரிய கலகமே நடந்துச்சு.

பூட்டுத் தொழில் அந்தத் திண்டுக்கல்லுல எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, சங்கரலிங்க ஆசாரின்னு ஒருத்தரும் அவரு சகோதரர்களும் சுமார் நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி தொடங்குனாங்கன்னு சொல்லுவாங்க. அதாவது காவல் ஆட்டங்கண்டுக்கிட்டு இருந்த அதே காலம், கிட்டத்தட்ட அதே ஊரு. ஒண்ணுதான் மத்ததுக்குக் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல வரலை. ஆனா ஆள் மேல வச்ச நம்பிக்கை தளர்ற காலத்துல இரும்பு மேல நம்பிக்கை வைக்க ஆளுக தயாரா இருப்பாங்கங்கிறது எனக்கு இயல்பாப் படுது.

ஆளைப் பூட்டுன சட்டம்

காவல்காரங்க என்ன ஆனாங்க? இதைச் சொல்லாமப் பூட்டு வரலாறு எழுதுனா அது பொய்க் கணக்கு.

வட இந்தியாவுல 1871-ல கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல மாத்தி எழுதி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தாங்க. சாதி பேரைச் சொல்லி, கைரேகை எடுத்து, ராத்திரி ஆனா போலீஸ் சொல்ற இடத்துல போயி இருக்கணும்னு ஆக்குனாங்க. நம்ம பக்கம் "ரேகைச் சட்டம்"னு சொல்லுவாக. இதை எதுத்து நின்னதுக்காக 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து பல பேர் செத்தாங்க. 1947-லதான் சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ரத்தாச்சு.

ஊருக் கதவுக்குக் காவல் இருந்த பரம்பரைக்காரனை ராத்திரியில அடைச்சு வச்சுட்டு, ஊருக்குப் பூட்டு வித்தாங்க. பொருளைப் பூட்டுறதா, ஆளைப் பூட்டுறதாங்கிற கேள்வி அப்பவே வந்துருச்சு. அதுக்குக் கடைசியில திரும்ப வர்றேன்.

வீடு காலியான கதை

1876-ல மதுரையில இருந்து மணியாச்சி வழியா தூத்துக்குடி வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சது. அந்தப் பாதையிலதான் கோவில்பட்டி இருக்கு. கரிசல் பருத்தி துறைமுகம் போச்சு. 1891-ல லாயல் மில் வந்துச்சு. 1920-களுக்குப் பெறகு சிவகாசியில தொடங்குன தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டின்னு பரவுச்சு.

மில்லுச் சங்கு ஊதுனா ஆம்பளை கிளம்பிருவான். தீப்பெட்டி ஆபீசுக்குப் பொம்பளையும் கிளம்பிருவா. வானம் பாத்த பூமியில மழை பொய்க்கிற வருஷமெல்லாம் இதுதான் சோறு. வீட்டுல பகல் முழுக்க ஆள் இல்லேங்கிற நிலைமை பணக்காரனுக்கு வரலை, கூலி வேலைக்காரனுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அதனாலதான் உள்ளே ஒரு பானையும் ரெண்டு சீலையும் மட்டும் இருந்த வீட்டுலயும் ஒரு பூட்டு தொங்குச்சு. சாவி எங்க இருக்கும்? நிலைக்கு மேல, இல்லேன்னா பக்கத்து வீட்டு அக்கா முந்தியில. :-)

இந்த ஊரு ஆளுகளுக்குக் கதவோட அருமை தெரியணும்னா கி.ரா.வோட 'கதவு' கதையப் படிச்சாப் போதும். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து ஒரு ஏழை வீட்டுக் கதவையே கழத்திக்கிட்டுப் போயிருவான். இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊருதான். பூட்டி வைக்க வீட்டுல ஒண்ணும் இல்லாட்டியும் குளிரை நிப்பாட்ட ஒரு கதவு வேணும். அந்தக் கதையில பூட்டுக்கு வேலையே இல்ல.

கடைத்தெருவுல வேற கணக்கு. பருத்தி, வத்தல், உளுந்துன்னு குடோன்ல அடுக்கி அதைக் காட்டிக் கடன் வாங்குவாங்க. 1921-ல தூத்துக்குடியில தொடங்குன நாடார் வங்கி (இப்ப தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்) மாதிரி வங்கிகள் இந்த வியாபாரத்துக்கு மத்தியிலதான் வளந்துச்சு. அடமானக் கடன்ல சரக்கு வியாபாரி குடோன்லயே கிடக்கும், ஆனா கதவுல தொங்குறது பேங்க் பூட்டு. சாவி யாருகிட்டயோ சரக்கு அவரு கையிலன்னு அர்த்தம். அதனாலயே அதைக் "கீ லோன்"ன்னு சொல்லுவாங்க. சர்க்கார் கருவூலத்துல இரட்டைப் பூட்டு. ரெண்டு அதிகாரிக, ஆளுக்கொரு சாவி, ரெண்டு பேரும் வந்தாத்தான் திறக்கும். ஓட்டு மெஷின் வச்சிருக்கிற அறைக்கும் அதே முறைதான். ஒத்த ஆளை நம்பாதேங்கிறதை இரும்புல எழுதி வச்ச மாதிரி.

திண்டுக்கல் பூட்டுக்குள்ள என்ன இருக்கு

திண்டுக்கல் பூட்டு லீவர் பூட்டு. உள்ளே பித்தளைத் தகடுக ஒண்ணு மேல ஒண்ணா படுத்திருக்கும். ஒவ்வொரு தகட்டுலயும் ஒரு வெட்டு. சாவியோட பல்லு ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்குனா எல்லா வெட்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும், அப்பத்தான் உள்நாக்கு நகரும். கூடத் தூக்குனாலும் திறக்காது, குறையத் தூக்குனாலும் திறக்காது. 1778-ல இங்கிலாந்துல ராபர்ட் பேரன் கண்டுபிடிச்ச தத்துவம் இது. அதுக்கு முந்தின பூட்டுகள்ல தூக்குனா மட்டும் போதும், எவ்வளவு தூக்கணும்ங்கிற கணக்கு கிடையாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு லீவர், ஒவ்வொண்ணுக்கும் மூணு உயரம்னா 81 விதமான சாவிதான் வரும். எறநூறு கடை இருக்கிற பஜார்ல எல்லாரும் அதையே வாங்கியிருந்தா, ஒருத்தர் சாவி இன்னொருத்தர் கடைக்குச் சேரும். ஆறு லீவர், அஞ்சு உயரம்னா 15,625. அதனால லீவர் எண்ணிக்கையப் பாத்து வாங்கணும். கையால ராவுன சாவிக்கு இன்னொரு பலம் உண்டு. அந்த ஆசாரியோட அரம் போன போக்கு வேற எந்தப் பூட்டுலயும் இருக்காது.

மாங்காய்ப் பூட்டு, மணி அடிக்கிற பூட்டு, ரெண்டு சாவி போட்டாத்தான் திறக்கிற பூட்டு, கள்ளச்சாவி போட்டா அதைப் பிடிச்சு வச்சுக்கிடுற பூட்டுன்னு திண்டுக்கல் ஆசாரிக விதவிதமா செஞ்சாங்க. கோயில் கதவுகளுக்கும் பெரிய பெரிய பூட்டுகள் அங்கருந்து போச்சு. இதே மாதிரி யோசனை வெளிநாட்டுலயும் ஓடியிருக்கு. 1818-ல ஜெரமையா சப் செஞ்ச பூட்டுல, யாராவது நோண்டுனா ஒரு லீவர் மாட்டிக்கிடும். சொந்தக்காரர் வந்து சாவி போடும்போது யாரோ கை வச்சிருக்காங்கன்னு காட்டிக் கொடுத்துரும். திறக்கவே முடியாதுன்னு பேரெடுத்த அந்தப் பூட்டை 1851 லண்டன் பொருட்காட்சி சமயத்துல ஹாப்ஸ்ங்கிற அமெரிக்கர் சுமார் 25 நிமிஷத்துல திறந்தார். அடுத்து, முடிஞ்சா திறந்து பாருன்னு சவால் விட்டுப் பல வருஷமா கடை ஜன்னல்லயே தொங்குன பிராமா பூட்டையும் திறந்தார். அதுக்குப் பதினாறு நாள்ல மொத்தம் 51 மணி நேரம் ஆச்சு.

நமக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. எந்தப் பூட்டும் திறக்க முடியாத பூட்டு கிடையாது. பூட்டு வித்துக் கொடுக்கிறது நேரம். திருடன் உங்க வாசல்ல எவ்வளவு நேரம் நிக்க வேண்டி வருதுங்கிறதுதான் அதோட விலை.

பம்பாய்ல 1897-ல அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழில் தொடங்குனார். எந்திரத்துல ஒண்ணு போல ஒண்ணா வந்துச்சு. பெறகு உத்தரப்பிரதேசத்து அலிகார்ல இருந்து மலிவு விலைப் பூட்டுக நம்ம கடைகள்ல வந்து குமிஞ்சுது. ஒரு நாள் முழுக்க உக்காந்து சுத்தியலும் அரமுமா செய்யிற பூட்டு அந்த விலைக்கு எப்படி நிக்கும்? கூலி கட்டுபடியாகலைன்னு ஆசாரிக வீட்டுப் பிள்ளைக வேற வேலைக்குப் போயிட்டாங்க. புவிசார் குறியீடு பேரைக் காப்பாத்தும். அரம் பிடிக்கிற கையை அது காப்பாத்தாது. நாம காசு கொடுத்து வாங்குனாத்தான் அந்தக் கை இருக்கும்.

சரி, என்ன வாங்கலாம்?

மொதல்ல மண்ணைப் பாருங்க. கரிசல் மண்ணு மழையில உப்பும், கோடையில பாளம் பாளமா வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத வீட்டுல நிலையும் கூடவே அசையும். கதவுக்குள்ள பதிக்கிற பூட்டோட நாக்கு, நிலையில இருக்கிற துவாரத்துக்கு நேரா இருந்தாத்தான் விழும். நிலை ஒரு நூல் கோணுனாலும் ஐப்பசியில பூட்டுற கதவு சித்திரையில பூட்டாது. கொண்டியும் நாதாங்கியும் கொஞ்சம் ஆட்டம் விட்டுக்கொடுக்கும். நம்ம பாட்டன்மாருக கொண்டி போட்டதுக்கு அறியாமை காரணமில்ல. பதிக்கிற பூட்டுதான் வேணும்னா, அஸ்திவாரத்தைச் சரியாப் போடுங்க. கதவு கனத்தையும் பாத்துக்கங்க. மெலிசான கதவைக் குடைஞ்சு பூட்டு வச்சா, அந்த இடத்துலயே கதவு பிளந்துரும்.

"பூட்டை உடைத்துத் திருட்டு"ன்னு பேப்பர்ல வரும். போய்ப் பாத்தா பல எடத்துல பூட்டு முழுசா கிடக்கும், நாதாங்கி பேந்திருக்கும். ஆயிரம் ரூவா பூட்டை அரை இஞ்சு திருகாணியில தொங்கவிட்டா கடப்பாரைக்கு ஒரு நெம்புதான். பழைய கதவுகள்ல நாதாங்கிக் கால் பலகையத் துளைச்சு மறுபக்கம் போயி மடங்கியிருக்கும். இப்ப அதுக்குப் பதில் உள்பக்கம் நட்டு வச்ச போல்ட்டு போடச் சொல்லுங்க.

கடைக்கு முன்னெல்லாம் நம்பர் போட்ட பலகைகளை வரிசையாச் சொருகி, குறுக்க ஒரு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவாங்க. இப்ப ஷட்டர். ரெண்டு பக்கமும் பூட்டிட்டு நடுவை விட்டுட்டா, நடுவுல நெம்பி ஆளு நுழையிற அளவுக்குத் தூக்கிருவான். நடுப்பூட்டு கண்டிப்பா வேணும். வளைகம்பி வெளிய அதிகம் தெரியாத பூட்டா வாங்குங்க, கட்டர் பிடிக்க இடம் இருக்காது.

பராமரிப்புக்குத் தேங்காயெண்ணெய் விடாதீங்க. கரிசல் தூசியோட சேந்து பிசினாயிரும். லீவர் பூட்டை மண்ணெண்ணெயில அலசிட்டு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டாப் போதும். சின்னச் சாவி போடுற சிலிண்டர் பூட்டுக்குப் பென்சில் கரித்தூள். தூத்துக்குடி, திருச்செந்தூர் மாதிரி உப்புக்காத்து ஊருன்னா பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோதான்.

கடைசியா, ஆளைப் பூட்டாதீங்க

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநலம் சரியில்லாதவங்களை வச்சிருந்த ஒரு கொட்டகை எரிஞ்சது. சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்ததால 28 பேர் ஓட முடியாம செத்தாங்க. 1911-ல நியூயார்க்குல டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில தீப்பிடிச்சப்ப, வேலைக்காரங்க எதையும் எடுத்துட்டுப் போயிரக்கூடாதுன்னு ஒரு வாசலைப் பூட்டி வச்சிருந்தாங்க. 146 பேர் போயிட்டாங்க, முக்காவாசி பொண்ணுக. நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டம் எழுதுனப்பவே, உள்ளே ஆள் இருக்கிற அறைக் கதவை உள்ளேருந்து சட்டுன்னு திறக்க முடியாதபடி பூட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மருந்தும் குச்சியும் புழங்குற நம்ம ஊருக்கு இதை வேற யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல.

ஆனா நம்ம வீட்டுலயே பாருங்க. ராத்திரி கிரில் கேட்டை உள்பக்கமாப் பூட்டி, சாவிய எங்கயோ வச்சிட்டுத் தூங்குறோம். சிலிண்டர் கசிஞ்சா இருட்டுல எங்க தேடுறது? ஜன்னல் வழியா கை எட்டாத இடத்துல, வீட்டுல இருக்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியிற மாதிரி ஒரு ஆணி அடிச்சு அந்தச் சாவியத் தொங்கவிடுங்க. தலைவாசலுக்கு உள்ளேருந்து சாவி இல்லாம திறக்கிற பூட்டாப் போடுங்க. கடையில ராத்திரி ஆளைப் படுக்க வச்சு வெளியே ஷட்டரைப் பூட்டிட்டுப் போற பழக்கம் இருந்தா, அதை இன்னிக்கே விட்டுருங்க.

கைரேகை வச்சாத் திறக்கிற பூட்டு இப்ப வந்திருக்கு. தாராளமா வாங்குங்க, பேட்டரி தீந்தா எப்படித் திறக்கும்னு மட்டும் கேட்டுக்கங்க. அதோட பீரோவுக்கோ மச்சு அறைக்கோ ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு வாங்கி வைங்க. மதுரைப் பக்கம் போறப்ப இன்னொரு மணி நேரம் வடக்க போனாப் போதும். பட்டறைக்கே போயி, ஆசாரி சாவி ராவுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்து வாங்குங்க. பேரம் மட்டும் பேசாதீங்க.